தீவுக்கு மின்சாரம்: கணினி மாதிரியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் காற்றாலை, சோலார், பேட்டரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின்திட்டம் பற்றிய செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து, துறைக்கு வெளியே உள்ள நண்பர்களும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கலைச்சொல் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிலைமம், அதிர்வெண் என்று வருவதை இலங்கைப் பாடநூலில் சடத்துவம், மீடிறன் என்பார்கள். நான் முதல் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

தனித்த மின்வலை என்றால் என்ன? நெடுந்தீவு மட்டும்தான் தனித்ததா?

பக்கத்து வலையிலிருந்து கம்பி வழியாக ஒரு யூனிட்கூட வாங்கவோ கொடுக்கவோ முடியாத வலைதான் தனித்த வலை. தீவகத்திலுள்ள நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கே எரியும் டீசலும் கடல் தாண்டித்தான் போகிறது. அந்தமானும் இலட்சத்தீவும் அப்படித்தான். ஆனால் இலங்கை முழுவதுமே ஒரு தனித்த வலை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இந்தியாவுடன் கடலடிக் கம்பி போடும் பேச்சு நெடுங்காலமாக நடந்தாலும் இன்றுவரை கம்பி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெரிய அனல்மின் அலகு சட்டென்று நின்றால், காஷ்மீர் வரை சுழலும் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும். நெடுந்தீவில் தோள் கொடுக்க எவரும் இல்லை. தீவில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுதான் தாங்க வேண்டும்.

அந்தத் தீவகத் திட்டம் என்ன?

மூன்று தீவுகளுக்கான கலப்புத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. கட்டுவதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. இந்தியா 1.1 கோடி அமெரிக்க டாலர் நன்கொடை தருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட அளவு: சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட் மணி, துணைக்கு டீசல் 2,500 கிலோவாட்.

செய்தியில் கூட்டுத்தொகை ஒன்றாக வரும். மூன்று தீவும் மூன்று தனி வலைகள் என்பதை மறக்கக் கூடாது. நயினாதீவில் மிஞ்சும் மின்சாரம் அனலைதீவின் விளக்கை ஏற்றாது. ஆகவே வலையைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் மாதிரியும் மூன்று வேண்டும்.

நேரே கட்டிப் பார்த்துச் சரிசெய்தால் என்ன? எதற்குச் சிமுலேஷன்?

பெரிய வலையில் தவறு செய்தால் திருத்த இடம் இருக்கும். தீவில், தப்பான அளவில் வாங்கிய பேட்டரி இருபது வருடக் கடனாக நிற்கும். தப்பாக அமைத்த கட்டுப்பாட்டுப் பெட்டியால், ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டி நின்றுபோகும். கணினியில் ஓர் ஆண்டை ஓட்டிப் பார்க்கச் சில நொடிகள்தான். அங்கே ஆயிரம் முறை தப்பு செய்யலாம், யாருடைய வீட்டிலும் விளக்கு அணையாது. இதுதான் முழுக் காரணம்.

ஆனால் ‘மாதிரி’ என்பது ஒரே பொருள் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். ஒரு மாதிரி எந்தக் கால அளவைப் பார்க்கக் கட்டப்பட்டதோ அந்தக் கால அளவின் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஆண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று சொல்லும் மாதிரியிடம், மேகம் மூடினால் மின்சாரம் போகுமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் பிழை என்று திரையில் வராது. எந்தச் சிக்கலும் இல்லாததுபோல ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதில்தான் ஆபத்து.

மணிக்கணக்கு மாதிரி எப்படி வேலை செய்கிறது?

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் ஊரின் தேவை எவ்வளவு, சோலாரும் காற்றும் எவ்வளவு தரும் என்று பார்த்துக் கழிக்கும். மிஞ்சினால் பேட்டரிக்குள் போகும், அதுவும் நிறைந்தால் வீணாகும். குறைந்தால் பேட்டரியிலிருந்து எடுக்கும், போதாவிட்டால் டீசலை ஓட்டும். இப்படி ஆண்டு முழுவதும் ஓட்டி எரிபொருள் செலவு, பராமரிப்பு, பேட்டரி மாற்றும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று சொல்லும். அப்புறம் சோலார் 200 கிலோவாட் என்றால் என்ன, 300 என்றால் என்ன, டீசல் விலை இரண்டு மடங்கானால் என்ன என்று மாற்றி மாற்றி ஓட்டலாம்.

இந்த வேலைக்கு உலகமெங்கும் பெயர்பெற்றது ஹோமர் என்ற மென்பொருள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990களில், தொலைதூரக் கிராமங்களின் மின் திட்டங்களுக்காகத்தான் அது பிறந்தது. பிறகு தனி நிறுவனமாகப் பிரிந்து இப்போது வணிக மென்பொருளாக இருக்கிறது. தீவு மின்சாரம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஹோமரில் ஓட்டியதுதான்.

சோலார் போட்டால் டீசல் செலவு அதே விகிதத்தில் குறையாதா?

குறையாது. டீசல் எஞ்சின் சும்மா சுற்றுவதற்கே எரிபொருள் குடிக்கும். ஒரு கணக்கு: 100 கிலோவாட் ஜெனரேட்டர், சும்மா சுற்ற மணிக்கு 8 லிட்டர், அதற்குமேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹோமர் போன்ற மென்பொருளில் வழக்கமாகப் போடும் அளவுகள் இவை. முழுச் சுமையில் மணிக்கு 33 லிட்டர், யூனிட்டுக்கு 0.33 லிட்டர். 30 கிலோவாட்டில் ஓட்டினால் மணிக்கு 15.5 லிட்டர், யூனிட்டுக்கு 0.52 லிட்டர். உற்பத்தியில் எழுபது சதவீதம் குறைந்தும் எரிபொருள் பாதிதான் குறைந்திருக்கிறது.

இன்னும் கீழே இறக்கினால் எஞ்சினுக்கே கேடு. போதிய சூடு ஏறாமல் எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயில் படியும். அதனால்தான் முப்பது சதவீதத்துக்குக் கீழே ஓட்டாதே என்பார்கள். எஞ்சின் முப்பதில் நிற்க வேண்டும், சோலாரோ நிறையத் தருகிறது, ஊருக்குத் தேவை குறைவு. அப்போது யாரை நிறுத்துவது? சோலாரைத்தான் நிறுத்துகிறார்கள். நண்பகலில் நல்ல வெயிலில் சோலாரைக் குறைத்துவிட்டு டீசல் புகைவதைப் பார்க்க மனம் கேட்காது. பேட்டரியை நம்பி எஞ்சினை முழுதாக நிறுத்தும் துணிவு வந்தால்தான் உண்மையான மிச்சம் கிடைக்கும். அந்தத் துணிவை மணிக்கணக்கு மாதிரி தராது. அதற்கு வேறு மாதிரி வேண்டும், கீழே வருகிறேன்.

காற்றுக்கும் வெயிலுக்கும் எந்தத் தரவைப் போடுவது?

சோலாருக்குச் செயற்கைக்கோள் தரவு பெரும்பாலும் போதும். காற்றுக்குப் போதாது. பலரும் இலவசமாக எடுக்கும் ஐரோப்பிய வானிலை மறுபகுப்புத் தரவில் (பழைய அளவீடுகளை வைத்து உலக வானிலையைக் கணினியில் மீண்டும் கட்டிய தரவு) ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். நெடுந்தீவு முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கி, பாதிக்கு மேல் கடல்தான் மிஞ்சும். கடல்மேல் வீசும் காற்றைப் பனைமரங்களுக்கு நடுவில் நிற்கும் காற்றாலைக்குக் கணக்கிட்டால் எண் தப்பாகத்தான் வரும். கோபுரம் நட்டு ஓர் ஆண்டாவது அளக்க வேண்டும்.

மாதச் சராசரியைப் போட்டு முடித்துவிடுவதும் தவறு. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். எப்போதும் நொடிக்கு 6 மீட்டர் வீசினால் 216 பங்கு. பாதி நேரம் 4, பாதி நேரம் 8 வீசினால் சராசரி அதே 6தான், ஆனால் கிடைப்பது 288 பங்கு. மூன்றில் ஒரு பங்கு கூட.

தீவகத்து மீனவர்கள் காற்றைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைக்குக் கொண்டாட்டம், வெயிலும் நன்றாக இருக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கியபின் மார்கழி தையில் ஓரளவு காற்று உண்டு. இரண்டுக்கும் இடையில் வரும் ஐப்பசி, கார்த்திகைதான் மாதிரிக்கு உண்மையான பரீட்சை. சோழகம் ஓய்ந்திருக்கும், வாடை நிலைத்திருக்காது, அடைமழை மேகம் வெயிலையும் மறைக்கும். ஆண்டுச் சராசரியில் ‘எழுபது சதவீதம் புதுப்பிக்கத்தக்கது’ என்று அழகாகத் தெரியும் திட்டம், அந்த மாதங்களில் ஏறக்குறைய முழு டீசல் திட்டமாக மாறிவிடலாம். டீசல் தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது அந்த வாரங்கள்தான். அதே நாட்களில்தான் கடல் கொந்தளித்து எண்ணெய்ப் படகு வர முடியாமல் போகும். இந்தக் கடைசி வரி எந்த மென்பொருளிலும் தானாக வராது. நாம்தான் போட வேண்டும்.

ஊரின் மின் தேவையை ஊகித்துப் போட்டால் போதாதா?

இதில்தான் பெரும்பாலான மாதிரிகள் சறுக்குகின்றன. மென்பொருளே ஒரு ‘கிராமச் சுமை’ வளைவைத் தயாராக வைத்திருக்கும், அதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். நயினாதீவை எடுத்துக்கொள்ளுங்கள். நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா ஆனியில், அதாவது ஜூன், ஜூலையில் வரும். அந்த நாட்களில் தீவில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையே வேறு. விளக்கு, ஒலிபெருக்கி, அன்னதானக் கூடம், தண்ணீர்ப் பம்பு என்று தேவை ஏறும். அதிர்ஷ்டவசமாக அது சோழகக் காலம், இரவிலும் காற்று வீசும். தயார் வளைவைப் போட்டவருக்குத் திருவிழாவும் தெரியாது, அந்த நேரத்துக் காற்று கைகொடுக்கும் என்பதும் தெரியாது. ஒன்றைக் குறைத்துக் கணக்கிட்டு மற்றொன்றை வீணாக்குவார்.

மின்நிலையத்தின் பதிவேட்டில் மணிக்கொரு முறை கையால் எழுதிய அளவுகள் இருக்கும். அதை உட்கார்ந்து தட்டெழுதினால் பல வாரம் ஆகும். ஆனால் விலையுயர்ந்த மென்பொருளைவிட அந்தப் பதிவேடு பெறுமதியானது என்று உறுதியாக நம்புகிறேன். இன்னொன்றும் உண்டு: இரவு பகலாக நம்பகமான மின்சாரம் வந்துவிட்டால் மக்கள் குளிர்பெட்டி வாங்குவார்கள், ஐஸ் தொழில் வரும். பழைய தேவையை அப்படியே இருபது வருடம் நீட்டினால் திட்டம் ஐந்தாம் ஆண்டிலேயே சிறியதாகிவிடும்.

மணிக்கணக்கு மாதிரியில் தெரியாதது என்ன?

நொடிகள். பெரிய மாநிலத்தில் ஓர் ஊரில் மேகம் மூடினால் இன்னோர் ஊரில் வெயில் அடிக்கும். சிறு தீவில் எல்லாத் தகடும் ஒரே மேகத்தின் கீழ்தான். 250 கிலோவாட் தந்துகொண்டிருந்த சோலார் இருபது நொடியில் 80க்கு இறங்கி, நான்கு நிமிடம் கழித்துத் திரும்ப ஏறலாம். மணிச் சராசரியில் அந்தப் பள்ளம் இருந்த இடமே தெரியாது.

அடுத்தது அதிர்வெண், அதாவது மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று ஏறி இறங்குகிறது என்ற எண். சுழலும் ஜெனரேட்டரின் கனமான உருளைதான் வலையின் நிலைமம். உற்பத்தி திடீரென்று குறைந்தால், குறைந்ததை முதல் கணத்தில் அந்த உருளையின் சுழற்சி ஆற்றல் ஈடுகட்டும். அதனால் வேகம் குறையும், அதிர்வெண் சரியும். எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். 500 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, நிலைம மாறிலி 1 நொடி (உருளையின் சுழற்சி ஆற்றல் மட்டுமே ஜெனரேட்டரின் முழு அளவை எத்தனை நொடி தாங்கும் என்ற அளவு), 50 ஹெர்ட்ஸ் வலை. காற்றாலை ஒன்று நின்று 100 கிலோவாட் போய்விட்டது. 100ஐ 50ஆல் பெருக்கி, 2, 1, 500 மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் நொடிக்கு 5 ஹெர்ட்ஸ். எஞ்சினுக்கு எண்ணெய் கூட்டும் கவர்னர் விழித்துக்கொள்ள 0.4 நொடி ஆனாலும், அதற்குள் அதிர்வெண் 48க்கு வந்திருக்கும். இரண்டு ஜெனரேட்டர் ஓடினால் சரிவு பாதி. டீசலே ஓடாமல் வெறும் சோலார் இன்வெர்ட்டர்கள் (நேர்மின்சாரத்தை வலைக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் கருவிகள்) மட்டும் என்றால் சுழலும் உருளையே கிடையாது. அப்போது பேட்டரியின் இன்வெர்ட்டர்தான் சில பத்து மில்லி நொடியில் கைகொடுக்க வேண்டும்.

இதைப் பார்க்க மில்லி நொடி அடியெடுத்து வைக்கும் இயக்கவியல் மாதிரி வேண்டும். பவர்ஃபேக்டரி, பிஎஸ்எஸ்இ போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான். ஓர் ஆண்டை இதில் ஓட்டுவதில்லை. மிக மோசமான இருபது முப்பது கணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டுவார்கள். எந்தக் கணங்கள் மோசம் என்று காட்டுவது மணிக்கணக்கு மாதிரிதான். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமை பெறும்.

2025 பிப்ரவரியில் இலங்கை முழுவதும் இருண்டதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் மின்தடை என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. குரங்கோடு செய்தி முடிந்துவிட்டது பெரிய இழப்பு. ஒரு துணைமின் நிலையக் கோளாறு நாடு முழுவதையும் ஏன் இருட்டாக்க வேண்டும்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விடுமுறை நாள், தேவை குறைவு, நல்ல வெயில், சோலாரின் பங்கு மிக அதிகம், சுழலும் ஜெனரேட்டர்கள் குறைவு. நிலைமம் குறைந்திருந்ததை மின்சார சபையே விளக்கத்தில் சொன்னது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோக, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி சபை மக்களைக் கேட்டுக்கொண்டது.

மாதிரி கட்டுபவர்களுக்கு இதில் ஒரு நுட்பமான பாடம் உண்டு. அதிர்வெண் சரிந்தால் சில ஊர்களைத் தானாகத் துண்டித்துச் சுமையைக் குறைப்பது வழக்கம். துண்டிக்கும் அந்த ஊரின் கூரைகளில் சோலார் ஓடிக்கொண்டிருந்தால், சுமையோடு உற்பத்தியும் சேர்ந்து போகும். நிவாரணம் எதிர்பார்த்த அளவு கிடைக்காது, சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகும். பழைய மாதிரிகளில் ஊர் என்பது வெறும் சுமை. இப்போது ஒவ்வொரு ஊரையும் பகலில் சிறு மின்நிலையமாகப் போட வேண்டும்.

சோலார் வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. சோலார் கட்டாயம் வேண்டும், அதற்கு ஏற்றபடி வலையையும் மாதிரியையும் மாற்ற வேண்டும்.

மில்லி நொடி மாதிரியே போதுமா? அதைவிட நுணுக்கமாக வேறு உண்டா?

உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் மின்சாரம் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்கிறது. சோலாரிலும் பேட்டரியிலும் உலகுக்கே முன்னோடி. 2021 நவம்பர் 21, விடியற்காலை, அங்கே ஓடிக்கொண்டிருந்த மிகப் பெரிய எண்ணெய் ஜெனரேட்டர் நின்றது. பேட்டரிகள் உடனே பாய்ந்து தாங்கின, தீவு இருளவில்லை. ஆனால் வலை நொடிக்கு 18 முதல் 20 முறை வரை ஊசலாடத் தொடங்கியது. வேகமாக உதவப்போன இன்வெர்ட்டர்களின் கட்டுப்பாடே ஒன்றோடொன்று மோதி ஊசலைத் தூண்டியிருந்தது.

பிறகு ஆய்வாளர்கள் மின்காந்த அலை வடிவத்தையே மைக்ரோ நொடி அடிகளில் கணக்கிடும் மாதிரியில் அந்தக் காலையைத் திரும்ப நடத்திக் காட்டினார்கள். வலையின் தாளத்தைக் கேட்டுப் பின்தொடரும் இன்வெர்ட்டர்கள் மட்டும் நிறைந்திருந்தால் இந்த ஊசல் வரும், தாளத்தைத் தானே அமைத்துக்கொடுக்கும் இன்வெர்ட்டர் கலந்தால் அடங்கும் என்று தெரிந்தது. பஜனையில் எல்லோரும் பின்பாட்டுக்காரர்களாக இருந்தால் பாட்டு எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். முன்பாட்டுக்கு ஒருவராவது வேண்டும். தீவில் டீசல் நிற்கும் நேரத்தில் அந்த முன்பாட்டுக்காரர் பேட்டரி இன்வெர்ட்டர்தான். ஒப்பந்தப் பத்திரத்தில் அந்த வசதியைக் கேட்டு எழுதாவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம்.

மாதிரி சரி என்று எப்படித் தெரியும்?

நடந்த ஒரு கோளாறை மாதிரியில் ஓட்டி, அளந்த வரைபடத்தோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கவாயில் அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் காரணம் தெரிந்தது.

தெரியாத ஓர் அமைப்பு என்ன செய்யும் என்பதற்குத் தென் ஆஸ்திரேலியா சாட்சி. 2016 செப்டம்பர் 28 புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன, மின்னழுத்தம் சில நிமிடங்களுக்குள் பலமுறை பள்ளம் விழுந்தது. காற்றாலைகள் ஒவ்வொரு பள்ளத்தையும் தாங்கின. ஆனால் குறுகிய நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் பள்ளம் வந்தால் ஒதுங்கிக்கொள் என்று அவற்றின் கட்டுப்பாட்டில் ஓர் எண் இருந்தது. வலையை இயக்கும் அமைப்புக்கு அந்த எண்ணே தெரியாது, ஆகவே அதன் மாதிரியிலும் இல்லை. 456 மெகாவாட் சில நொடிகளில் குறைந்தது. பக்கத்து மாநிலத்துடனான இணைப்பு சுமை தாங்காமல் தானாகத் துண்டித்துக்கொண்டது. துண்டித்த கணத்தில் மாநிலம் தனித்தீவாகி, சுமார் 8,50,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. காற்றாலை கெட்டது என்று அரசியல் மேடைகளில் பேசினார்கள். அமைப்பில் இருந்த எண்ணை மாற்றியதும் அந்தக் குறை தீர்ந்தது.

அதனால்தான் இன்வெர்ட்டர் விற்பவரிடம் கட்டுப்பாட்டு அமைப்பின் உள்விவரத்தையும் சோதித்த மாதிரியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஒரு தீவில் முடியுமா?

சில நாட்களுக்கு முடிகிறது. ஆண்டு முழுவதும் என்றால் செலவு மலைபோல் ஏறும். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் எல் ஹியர்ரோ 2014இல் 11.5 மெகாவாட் காற்றாலையும் 11.3 மெகாவாட் நீர்ச்சுழலியும் கொண்ட திட்டத்தைத் திறந்தது. காற்று மிஞ்சினால் தண்ணீரை மேல் குளத்துக்கு ஏற்றி, காற்று ஓய்ந்தால் இறக்குவார்கள். 2019 கோடையில் 24 நாட்களுக்கு மேல் தொடர்ந்து டீசல் இல்லாமலே ஓடியது. ஆனாலும் 2018 போன்ற நல்ல ஆண்டிலேயே பங்கு 56 சதவீதத்தைச் சுற்றித்தான் நின்றது.

ஏன் என்று நாமே கணக்குப் போடலாம். மேலிருந்து இறங்கும் தண்ணீரைப் பிடிக்கும் கீழ்க்குளத்தில் கொள்வது 1,50,000 கனமீட்டர், உயரம் சுமார் 650 மீட்டர். இழப்பு போக ஏறத்தாழ 240 மெகாவாட் மணி. தீவின் சராசரித் தேவை 5 மெகாவாட் அளவு. ஆக, குளம் நிறைந்திருந்தாலும் இரண்டு நாள். காற்று ஒரு வாரம் ஓய்ந்தால் டீசல்தான். இந்த இரண்டு வரிக் கணக்கு, நூறு சதவீதம் என்ற தலைப்புச் செய்திக்கு முன்பே போட்டிருக்கக்கூடியது.

ஆஸ்திரேலியாவின் கிங் தீவு வேறு வழி எடுத்தது. அங்கே அமைத்தவை 2.45 மெகாவாட் காற்றாலை, 3 மெகாவாட் பேட்டரி, டீசல் அணைந்தாலும் சுழன்றுகொண்டே இருக்கும் கனமான சக்கரம், அதோடு மின் அடுப்பு போன்ற 1.5 மெகாவாட் ரெசிஸ்டர். மிஞ்சும் காற்று மின்சாரத்தை வேண்டுமென்றே சூடாக்கி எரிக்கிறார்கள். கேட்டால் வீண் என்று தோன்றும். காற்று சட்டென்று குறையும்போது அடுப்பை அதே கணத்தில் தணித்தால் ஊருக்கு எதுவும் தெரியாது. அதாவது அந்தச் சூடு ஒரு கையிருப்பு. 2015இல் 33 மணி நேரம் தொடர்ந்து டீசல் இல்லாமல் ஓட்டினார்கள். வெப்பநாட்டுத் தீவில் அந்த மிச்சத்தை உப்புநீரைக் குடிநீராக்கவோ ஐஸ் செய்யவோ திருப்பலாம். நெடுந்தீவு போன்ற உவர்நீர் ஊருக்கு, பேட்டரியை இன்னும் பெரிதாக்குவதைவிட அது மலிவாக இருக்குமா என்பது மாணவர் ஒருவர் எடுத்துச் செய்யத்தக்க அருமையான ஆய்வு.

வேறு எதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்?

ஃபியூஸ். எங்காவது கம்பி அறுந்து விழுந்தால், சுழலும் ஜெனரேட்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும், ஃபியூஸ் உருகும். இன்வெர்ட்டர் அதன் அளவைவிடச் சற்றே கூடத்தான் தரும், ஃபியூஸ் உருகாமலே இருந்துவிடலாம். விழுந்த கம்பியில் மின்சாரம் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. டீசல் இல்லா நேரத்துக்குத் தனியாகக் கோளாறுக் கணக்கு போட வேண்டும். அப்புறம் உப்புக்காற்று. மாதிரியில் இருபது வருடம் வாழும் காற்றாலை, கடலோரத்தில் உதிரிப்பாகம் வரப் பல மாதம் காத்து நிற்கும். ஆண்டில் எத்தனை நாள் ஓடாது என்ற எண்ணைப் பூச்சியமாக விடாதீர்கள்.

படிக்கிற பிள்ளைகள் காசில்லாமல் தொடங்க வழி உண்டா?

உண்டு. பகிர்மானக் கம்பிகளுக்கு ஓப்பன்டிஎஸ்எஸ் இலவசம். பைத்தான் தெரிந்தால் பைப்சா என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு விரிதாளில் 8,760 வரிசை போட்டு, தேவை, சோலார், காற்று, பேட்டரி என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்தில் முடியும். பிறகு எந்த மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் தீவுக்கான ஆய்வறிக்கை என் கையில் வந்தால், பொறியியல் தெரியாத நான் என்ன கேட்க வேண்டும்?

மின் தேவையை அளந்தீர்களா, ஊகித்தீர்களா? காற்றை எங்கே, எத்தனை மாதம் அளந்தீர்கள்? ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரத்தைத் தனியாகக் காட்டுங்கள். திருவிழா இரவு ஒன்றைக் காட்டுங்கள். டீசல் ஓடாத நேரத்தில் பெரிய காற்றாலை நின்றால் முதல் இரண்டு நொடியில் அதிர்வெண் என்ன ஆகும், அந்த வரைபடம் எங்கே? கம்பி அறுந்தால் எது, எத்தனை நொடியில் துண்டிக்கும்?

கடைசியாக ஒன்று. இரவுப் பணியில் ஒரே ஆளாக மின்நிலையத்தில் இருப்பவரிடம் இந்த மாதிரியைக் காட்டினீர்களா என்று கேளுங்கள். எந்த எஞ்சின் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், எந்தப் பக்கத்து மேகம் வந்தால் சோலார் விழும், படகு எத்தனை நாள் வராமல் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை மாதிரியில் சேர்த்துவிட்டு, அறிக்கையை இன்னொரு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள்.